வசுமதி கண்டுபிடித்துவிடுகிறாள்

"டீச்சர், ஒரு வாசகிய ஒழிச்சுக்கட்ட என்ன வழி?"

கேட்டவர் சங்கரநயினார். ஐம்பத்தாறு வயது. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கதைச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பதில் சொல்ல வேண்டியவள் எப்சிபா டீச்சர். அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதே செயலியில் அவளும் எழுதுகிறாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு கையில் குடையும் வேதப்புத்தகமும், இன்னொரு கையில் கறிக்கடைப் பை. அவள் ஏற வேண்டிய மாடிப்படியில் சங்கரநயினார் குறுக்கே உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல வழிய விடுங்க அண்ணாச்சி," என்றாள்.

அவர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் ஏறிப் போனாள். அவரும் பின்னாலேயே ஏறினார். வா என்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த மனுஷனைத் திட்டுவதற்கு முன்னால், அவர் ஏன் இந்த வீட்டு வாசலுக்கு வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் தொடர் தொடங்குகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முடிக்கிறவர்களைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டும். பத்து அத்தியாயம் ஜோராக ஓடும். பிறகு எழுத்தாளருக்குக் காய்ச்சல் வரும். பிறகு கரண்ட் போகும். பிறகு மச்சினிக்குக் கல்யாணம் வரும். அதற்குப் பிறகு புதுத் தொடர் ஒன்று வரும். பழைய கதையின் நாயகி மாலையும் கழுத்துமாக மணமேடையில் நின்றபடியே நிற்பாள். தாலி கட்டுவதற்கு ஆள் வராது.

எப்சிபா டீச்சர் கதை அப்படி இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அத்தியாயம் வந்துவிடும். தொடங்கிய எல்லாவற்றையும் முடித்திருந்தாள். அந்த வட்டாரத்தில் இதற்கே ஒருவரை முனிவர் ஆக்கிவிடுவார்கள்.

சங்கரநயினார் நான்கு தொடர்களைப் பாதியில் விட்டவர். ஐந்தாவதன் பெயர் 'பூட்டிய மாடி'. இதுவும் பாதியில் நின்றால் கணக்கை மூடிவிட்டு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவள் 'சரி' என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அதுதான் அவரை ரொம்பச் சுட்டது. ஒன்றை விடுவதென்று அவர் சொன்னால் விட்டுவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும். அந்த விஷயத்தில் மட்டும் அவர் சொல் தவறியதே இல்லை.

இப்போது ஐந்தாவதும் நின்றுபோயிருந்தது.

"யாரு அந்த வாசகி?" கறியைக் கழுவப் போட்டுக்கொண்டே டீச்சர் கேட்டாள்.

"வசுமதி. பண்ருட்டி."

"என்ன செஞ்சாங்க?"

"கண்டுபிடிச்சிருதா டீச்சர்."

"எத?"

"எல்லாத்தயும்!"

அவர் சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது.

கதை இதுதான். குற்றாலத்துப் பக்கம் ஒரு பெரிய வீடு. ரைஸ்மில் முதலாளி அய்யாத்துரை மாடி அறையில் செத்துக் கிடக்கிறார். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. பூட்டியது யார்?

பூட்டியது சின்ன மருமகள் வடிவு. அந்த வீட்டிலேயே அதிர்ந்து பேசாதவள் அவள்தான். இந்த முடிவை மனசில் வைத்துக்கொண்டுதான் சங்கரநயினார் முதல் வரியையே எழுதினார். கடைசி அத்தியாயத்தை நினைத்தால் அவருக்குக் கை பரபரக்கும். அதை எழுதத்தான் தான் பிறந்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் அத்தியாயத்தைப் போட்டார். கீழே வசுமதி எழுதினாள்: "சார், எனக்கு வடிவு மேலதான் ஒரு கண்ணு."

சங்கரநயினாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் அத்தியாயத்தில் வடிவுக்குப் பிரசவ வலி எடுத்தது. சம்பவம் நடந்த இரவு அவள் தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று ஆக்கிவிட்டார். அதுவரை வடிவு கர்ப்பமாக இருந்தது வாசகர்கள் யாருக்கும் தெரியாது. சங்கரநயினாருக்கும் தெரியாது.

வசுமதி மட்டும் கேட்டாள்: "அப்போ காலையில எல்லாருக்கும் காபி ஆத்தினது யாரு சார்?"

அவர் வடிவை அப்படியே ஆஸ்பத்திரியில் விட்டார். குற்றத்தைத் தூக்கி வக்கீல் தலையில் வைத்தார். இரண்டு அத்தியாயம் தாண்டவில்லை, வசுமதி மோப்பம் பிடித்துவிட்டாள். "வக்கீல் ஏன் கைக்குட்டையாலயே கதவைத் தொடுறார்?" வக்கீலை அவசரமாக சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டார். அடுத்தது குடும்ப டாக்டர். டாக்டர் மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆத்திரத்தில் டாக்டரைக் கொன்றே போட்டார்.

இப்போது அந்த வீட்டில் வசுமதி இன்னும் சந்தேகப்படாதது ஒரு சமையல்காரரும் ஒரு நாயும்தான். சமையல்காரருக்குக் கண் தெரியாது என்று ஆரம்பத்திலேயே எழுதித் தொலைத்திருந்தார்.

"நாய்தான் பாக்கி டீச்சர்," என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை.

"வடிவு இப்பம் எங்க?"

"ஆஸ்பத்திரியில."

"இன்னுமா?"

"இன்னுந்தான்."

"பிள்ள பிறந்துட்டா?"

சங்கரநயினார் போனை எடுத்துப் பத்தாம் அத்தியாயத்தைத் தேடினார்.

"தெரியல டீச்சர்."

"ஏசப்பா," என்றாள் டீச்சர். "அந்தப் பிள்ளைய மொதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. போங்க."

"நான் வசுமதியப் பத்திக் கேட்டேன்."

"நான் வடிவப் பத்திச் சொன்னேன். போறப்போ கதவச் சாத்திட்டுப் போங்க. பூனை வருது."

*

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கொலைக்கு வழி கேட்டால் பிரசவத்துக்கு வழி சொல்கிறாள். இவளிடம் போய்க் கேட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். கணக்கு டீச்சரிடம் கதை கேட்கப் போனவனைச் செருப்பால் அடித்தாலும் தகும் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரர் அவர் முணுமுணுப்பதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து வடிவைக் கூட்டி வந்தாரா என்றால், இல்லை. செயலியைத் திறந்து வழக்கமான காரியத்தைச் செய்தார்.

"அன்பு உள்ளங்களே, கடும் கண்வலி. அடுத்த அத்தியாயம் சற்றுத் தாமதமாகும். மன்னிக்கவும்."

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண் நன்றாகத் தெரிந்தது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அறிவிப்புக்குக் கீழே இதயங்கள் குவிந்தன. "உடம்பைப் பார்த்துக்கோங்க அண்ணா." "நீங்க நல்லா இருந்தா போதும் அண்ணா." எந்த அத்தியாயத்துக்கும் இவ்வளவு அன்பு வந்ததில்லை. கொஞ்ச நேரம் மனசு குளிர்ந்து கிடந்தார்.

பிறகு வசுமதி வந்தாள்.

"நந்தியாவட்டைப் பூவால ஒத்தடம் கொடுங்க சார். நல்லா கேட்கும். அப்படியே உங்க சமையல்காரருக்கும் ரெண்டு பூ கொடுங்க."

சங்கரநயினார் போனைக் கட்டிலில் வீசினார். அது துள்ளிப் போய்த் தலையணையில் விழுந்தது. அதுகூட உடையாமல் அவரை எரிச்சல் படுத்தியது.

*

"கிண்டல் பண்ணுதா டீச்சர்! என்னயக் கிண்டல் பண்ணுதா!"

அடுத்த ஞாயிறு. டீச்சர் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை அவர் முன்னால் தள்ளினாள். அவர் எதற்கென்று கேட்காமல் உரிக்கத் தொடங்கினார். கோபத்தில் இருக்கிறவருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"ஒம்பதாவதுல வடிவு என்ன செஞ்சா?" என்று டீச்சர் கேட்டாள். "அந்தம்மா எப்படி அவளப் பிடிச்சாங்க?"

சங்கரநயினாரின் முகம் மாறியது. கேட்டவள் மேல் இருந்த கடுப்பெல்லாம் போய், எழுதிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டார்.

"விடிஞ்சிருச்சு டீச்சர். இன்னும் ஒருத்தரும் மாடிக்குப் போகல. பெரியவர் செத்துட்டாருன்னு வீட்டுல யாருக்குமே தெரியாது. வடிவு எல்லாருக்கும் காபி ஆத்துதா. வரிசையா டம்ளர எடுத்து வைக்கா. மாமனார் டம்ளர மட்டும் கழுவி, கவுத்தி வச்சிருதா."

காய் நறுக்கிக்கொண்டிருந்த டீச்சரின் கத்தி நின்றது.

"நல்லாருக்கு," என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை. காதைக் குடைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"அத எதுக்கு எழுதுனீங்க?"

"வாசிக்கிறவங்க கண்ணுல படணும்னுதான்."

"பட்டுட்டு."

"பட்டுட்டு. ஆனா இவ்வளவு சீக்கிரமாப் படலாமா? மத்த ஆயிரம் பேரு கண்ணுல படலயே டீச்சர்!"

"அப்பம் அந்த ஆயிரம் பேருக்கே எழுதுங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன்! நடுவுல இவ ஒருத்தி நின்னுக்கிட்டு என் உயிர வாங்குதா. இவளுக்குப் பயந்து பயந்தே நான் கொலைகாரன மாத்திட்டு இருக்கேன். இவ மட்டும் இல்லன்னா போன மாசமே கதைய முடிச்சிருப்பேன்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒரே கணக்கை மூன்றாம் முறையும் தப்பாகப் போடுகிற பிள்ளையை அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போனக் கொடுங்க."

கொடுத்தார். அவள் இரண்டு இடத்தில் தொட்டாள். திருப்பிக் கொடுத்தாள்.

"முடிஞ்சுது. தடை செஞ்சாச்சு. இனி உங்க கதை அந்தம்மா கண்ணுல படாது. அந்தம்மா எழுதுறதும் உங்க கண்ணுல படாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சங்கரநயினார் எழுந்து நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் வயசுக்காரியைக் கும்பிடுகிறோமே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. டீச்சருக்குத்தான் உடம்பு கூசியது.

"கும்பிடெல்லாம் வேண்டாம். வெங்காயத்த முடிச்சிட்டுப் போங்க."

*

அந்த வாரம் மனுஷனுக்கு இறக்கை முளைத்தது.

சமையல்காரருக்குத் திடீரென்று ஒரு மகனைக் கொடுத்தார். மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் வருவதும் போவதுமாக ஓர் அத்தியாயத்தை ஓட்டி, எழுதிய சூட்டோடு, இரண்டாம் முறை வாசித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டார்.

"செம அண்ணா!" "வேற லெவல்!" "வெயிட்டிங் வெயிட்டிங்." இதயங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொன்றாக மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"ம்," என்றாள் அவள்.

சனிக்கிழமை முடிவெட்டப் போனார். கடையில் கூட்டம். காத்திருந்த நேரத்தில், தன் எழுத்தைத் தானே ரசிக்கும் ஆசையில், அந்த அத்தியாயத்தைத் திறந்தார்.

நடுவில் ஒரு வரி இருந்தது.

'டாக்டர் சிரித்துக்கொண்டே காபியை வாங்கிக்கொண்டார்.'

சங்கரநயினார் அதை இன்னொரு தடவை வாசித்தார்.

டாக்டர் செத்துப் போனவர். கொன்றதும் இவரேதான். வெறுமனே கொல்லவும் இல்லை. தகனம் பண்ணி, அஸ்தியை அருவியில் கரைத்து, அந்த அருவியை ஒரு பக்கத்துக்கு வர்ணித்தும் இருந்தார்.

போச்சு, மானம் போச்சு என்று கருத்துகளைப் புரட்டினார். எத்தனை பேர் பிடித்திருப்பார்களோ, என்னென்ன திட்டியிருப்பார்களோ.

ஒருத்தர்கூடப் பிடிக்கவில்லை.

"டாக்டர் கேரக்டர் சூப்பர் அண்ணா."

"டாக்டருக்கு ஜோடி யாரு அண்ணா?"

அவர் முறை வந்தது. நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் முடிவெட்டாமலேயே இறங்கி நடந்தார்.

வீட்டில் போய்க் காத்திருந்தார். யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள் என்று நம்பினார். சாயங்காலம் வரை ஒருத்தரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல், வேண்டுமென்றே, சின்னதாக இன்னோர் அத்தியாயத்தை எழுதிப் போட்டார். அதில் சிங்கப்பூரில் குளித்துக்கொண்டிருந்த வக்கீல், தலையைத் துவட்டியபடி குற்றாலத்து வீட்டுக் கதவைத் திறந்தார்.

"பரபரப்பு!" என்று ஒருவர் எழுதினார்.

"கதை இப்போதான் சூடு பிடிக்குது அண்ணா," என்று இன்னொருவர் எழுதினார்.

"வாசிக்கியளா இல்ல வெறுமன விரல வச்சு அமுக்குதியளா?" என்று சங்கரநயினார் போனைப் பார்த்துக் கத்தினார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். யாருமில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கத்தி முடித்த பிறகு அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. இத்தனை மாதமாக அவர் எழுதியதை ஒரே ஒரு ஆள்தான் வாசித்திருக்கிறாள். அந்த ஆளைத்தான் அவர் வெளியே தள்ளிக் கதவை அடைத்திருந்தார்.

*

இந்த ஞாயிறு அவருக்கு மாடிப்படி வரை பொறுமை இல்லை. ஆலய வாசலிலேயே போய் நின்றார். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் அங்கே நிற்பதை, வெளியே வந்தவர்கள் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"டீச்சர், அவங்களத் திறந்து விடுங்க."

"எவங்கள?"

"பண்ருட்டி அம்மாவ."

"எதுக்கு? நிம்மதியா இருக்கீங்கல்லா?"

"செத்தவன் காபி குடிக்கான் டீச்சர்."

"குடிக்கட்டும்."

"ஒருத்தரும் கேக்கல!"

"நல்லதுதான. அதுக்குத்தான ஆசப்பட்டீங்க?"

"டீச்சர்!"

போட்ட சத்தத்தில் போதகரே திரும்பிப் பார்த்தார். டீச்சர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை வேப்பமர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

"அந்தம்மா வந்தா மறுபடியும் கண்டுபிடிச்சிருவாங்க அண்ணாச்சி. மறுபடியும் நீங்க என் வாசல்ல வந்து உக்காருவீங்க. என்னால முடியாது. எனக்குப் பரிட்சத்தாள் கிடக்கு."

"கண்டுபிடிக்கட்டும்," என்றார் சங்கரநயினார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். தொட்டாள், திருப்பிக் கொடுத்தாள்.

"தடைய எடுத்தாச்சு. ஆனா அவங்க வருவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"நாமளே கூப்பிட முடியாதா?"

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க? டாக்டர் காபி குடிக்காரு, வந்து பாருங்கன்னா?"

அவருக்குத் தலை குனிந்துவிட்டது.

"இப்பம் நான் என்னதான் செய்யட்டும்?"

"வடிவு எங்க?"

"ஆஸ்பத்திரியில."

டீச்சர் குடையை விரித்தாள். வெயிலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. செயலியைத் திறந்து பத்தாம் அத்தியாயத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார்.

ஒவ்வொன்றையும் அழிக்கும்போது, 'இதற்கு வந்த கருத்துகளும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று செயலி கேட்டது. வக்கீல் போனார். மோட்டார் சைக்கிள் போனது. அவ்வளவு இதயங்களும் போயின. சம்மதம், சம்மதம் என்று அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"சாப்பிட வராம என்ன செய்யுதிய?" என்று மனைவி கேட்டாள்.

"வடிவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்."

"எந்த வடிவு?"

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் கண்வலி வரவில்லை. மழையும் மின்வெட்டும் வரவில்லை. ஓர் அறிவிப்பும் போடாமல் காலையில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை மறுநாள் வாசித்தார். கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியை எழுதும்வரை எதையும் போடவில்லை. முடித்த பிறகுதான் புதிய பத்தாம் அத்தியாயத்தைப் போட்டார். திங்களும் வியாழனும் என்று நாள் வைத்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் டீச்சருடையவை.

"டாக்டர் எங்க அண்ணா?" என்று கேட்டார்கள்.

"பழைய டுவிஸ்ட்தான் நல்லா இருந்துச்சு," என்றார்கள்.

"ரொம்ப ஸ்லோ," என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேர் போனார்கள்.

அவர் ஒவ்வொரு அத்தியாயமும் போட்டவுடன் கீழே ஒரு பெயரை மட்டும் தேடினார். அது வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. பதினைந்துக்கும் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. கடைசி அத்தியாயத்தை யாருக்காக எழுதினாரோ அந்த ஆளே இல்லாமல் அது போய்விடும் போலிருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டார்.

"அவங்க வரல டீச்சர்."

"எழுதியாச்சுல்லா?"

"எழுதியாச்சு."

"அப்பம் போடுங்க." வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கடைசி அத்தியாயத்தைப் போட்டார்.

அதில் வடிவின் அம்மா ஆலங்குளத்தில் சாகக் கிடக்கிறாள். அன்றைக்கு ரைஸ்மில்லில் பூஜை; சமையல்காரர் ஒருவர் போதாது, வந்தவர்களுக்குச் சமைக்க இன்னும் ஆள் வேண்டும். மாமனார் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொள்கிறார். வடிவு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, மாமனாருக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவள், மாடிக் கதவை வெளியே பூட்டிவிட்டு இறங்குகிறாள். ஒரு ராத்திரி அடைபட்டுக் கிடக்கட்டும், அது எப்படி இருக்குமென்று அவருக்கும் தெரியட்டும் என்றுதான் நினைக்கிறாள். அன்றைக்குத்தான் பெரியவருக்கு நெஞ்சு வலிக்கிறது. கதவைத் தட்டுகிறார். வடிவு மாடிப்படிக்குக் கீழே சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அருவி இரைச்சலில், படியடியில் நிற்கும் அவளுக்கு மட்டும் தட்டும் சத்தம் பலமாகக் கேட்கிறது. பிறகு விட்டு விட்டுக் கேட்கிறது. பிறகு கேட்கவில்லை. வடிவு அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பாலை அடுப்பில் வைக்கிறாள்.

அவ்வளவுதான். 'நன்றி, வணக்கம்' என்றுகூட அவர் கீழே எழுதவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"அடுத்த கதை எப்போ அண்ணா?" என்று இன்னொருவர் கேட்டார்.

வெள்ளி போனது. சனி போனது.

*

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு முன்னால் நின்றார். எந்தக் குறையும் கொண்டுவரவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போவதற்கு வேறு இடமும் தெரியவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தார்.

'வசுமதி, பண்ருட்டி' என்று இருந்தது. நீளமாக ஏதோ எழுதியிருந்தாள். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பூவரச மரத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு ஸ்கூட்டரைப் பார்த்தார்.

டீச்சர் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது.

"இன்னைக்கு என்ன அண்ணாச்சி?" என்றாள். குரலில் அலுப்பை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

அவர் போனை நீட்டினார்.

"நீங்க வாசிங்க டீச்சர். என்னால முடியல."

அவள் பையைக் கீழே வைத்தாள். வகுப்பில் வாசிக்கிற உரத்த குரலில் தொடங்கினாள். போகப்போகக் குரல் தானாக இறங்கியது.

"சார், நடுவுல உங்க கதையே காணாம போச்சு. தேடிக் கண்டுபிடிச்சு நேத்துதான் மொத்தமா உட்கார்ந்து படிச்சேன். வடிவுதான்னு எனக்கு ஒன்பதாவதுலயே தெரியும். தெரிஞ்சும், அவர் தட்டத் தட்ட, இப்போ மேல போயிடுவா, இப்போ திறந்துடுவான்னு கடைசி வரி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."